மேஜையின் நான்காவது மூலை

14 அக்டோபர் 96, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஃபிரேம் கடைக்குள் ஈரவாடை. இந்த நேரம் பார்த்துத்தான் இப்படி ஒரு வேலை வர வேண்டுமா.

வால்பாறையிலிருந்து எஸ்தர் என்று ஒரு பெண். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பெரிய பைப்புக்குள் சுருட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். 5 அடிக்கு 3½ அடி, ஒரே தாள். அட்டை போல் கனம். ஓரமெல்லாம் கையால் பிய்த்த மாதிரி பிசிறு. கறுப்பு இங்க்கில் தேயிலைச் சரிவு, மழைக்கு முன். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

மெட்ராஸ் கண்காட்சிக்காம். முதன்முதலாக இவள் படம் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். 25ஆம் தேதி வெள்ளி பார்சல் போயாக வேண்டும்.

"சுத்தியும் அட்டை வெச்சு, நடுவுல சன்னல் மாதிரி வெட்டிப் போட்டுடலாமுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க. ஓரம் முழுசாத் தெரியணும். பலகையில படாம தூக்கி நிக்கணும். மிதக்கற மாதிரி."

படம் மிதக்க இது என்ன வாலாங்குளமா? கேட்கவில்லை. தலையாட்டினேன்.

வலது கீழ் மூலையில் கறுப்பாக ஒரு விரல் அழுக்கு. ரப்பர் போட்டு எடுத்துவிடலாம் என்றேன். "அது இருக்கட்டுங்க." காரணம் சொல்லவில்லை. அழுக்குக்குக் கண்ணாடி போட்டு மாட்டுவது எந்த ஊர் வழக்கமோ.

அம்மணி போட்ட சட்டங்கள்: கம் கூடாது. டேப் கூடாது. மைதாப் பசைதான், அதிலும் மயில்துத்தம் சேர்க்கக் கூடாது (பூச்சி வந்தால் என்னைக் கேட்பாள்). தாளின் முதுகில் மெல்லிசுக் காகிதப் பட்டைகள். பலகையில் கீறல். பட்டையைக் கீறல் வழியாகப் பின்னால் இழுத்து ஒட்ட வேண்டும். மொத்தத் தாளும் அந்தப் பட்டைகளில் தொங்கும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது.

இருபது வருடமாக சாமி படமும் கல்யாண போட்டோவும் போட்டவனுக்கு இது தேவைதான்.

16, புதன்

மழை. கரண்ட் இல்லை, 11 முதல் 3 வரை. அதே கனத்தில் வெறுந்தாள் வாங்கி ஒத்திகை. காலையில் தொங்கியது. மத்தியானம் சோறு உண்டு வந்து பார்த்தால் தரையில். பசை காயவே இல்லை.

என் வீட்டுக்காரி சரசு சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே: "ஏனுங்க, நாலு ஆணி அடிச்சா முடிஞ்சு போற வேலைக்கு ஏன் இந்தப் பாடு?"

எனக்கும் அதே கேள்விதான். அதனால்தான் அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

18, வெள்ளி

பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, பட்டை ஐந்துக்குப் பதில் ஒன்பது. நேற்று மாட்டிய வெறுந்தாள் இன்று மாலை வரை அசையவில்லை. உடனே நிஜப் படத்தை ஒட்டினேன். பெரிய மேஜையில் படுக்க வைத்து, மேலே வெள்ளை வேட்டி. இரண்டு நாள் நகர்த்தக் கூடாது.

மேஜை பக்கம் டீ டம்ளர் வரக் கூடாது. சரசுவின் எண்ணெய்க் கை வரக் கூடாது. "உங்க படத்தை நான் ஏனுங்க தொடப்போறேன்?" என்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

20, ஞாயிறு

ஆயுத பூஜை. கடை கழுவியாயிற்று. வாழைக்கன்று, பொரி, சுண்டல், பூசணிக்காய். சுத்தியல், வாள், கண்ணாடி வெட்டும் வைரம், ஸ்கேல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சூடத் தீ பட்டுவிடக் கூடாதே என்று படத்தின் மேல் போர்த்திய வேட்டியை மட்டும் சுருட்டி எடுத்து வைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை. இன்று ஆயுதம் தொடக் கூடாது. வேலை இல்லை. பூஜை திருப்தி.

21, திங்கள்

ஜாக்கிரதையாம்.

பெரிய மேஜையின் நான்கு மூலைக்கும் பொட்டு வைப்பது கடை திறந்த நாளிலிருந்து பழக்கம். நேற்று வைத்ததில் மூன்று பொட்டு மரத்தில். நான்காவது, அந்த மேஜை மூலையை மூடிக் கிடந்த படத்தின் இடது கீழ் மூலையில். எட்டணா அளவு சந்தனம், நடுவில் குங்குமம். என் விரல். ஊரையெல்லாம் தள்ளி நில் என்று விரட்டியவனின் விரல்.

ரொட்டித் துண்டு. ரப்பர். ஈரப் பஞ்சு. தொடத் தொடக் குங்குமம் பரவுகிறது. நிறுத்திவிட்டேன்.

சரசு திட்டவில்லை. அது இன்னும் மோசம். "அட்டை வெச்சு மூடிப்போடுங்க. சன்னலுக்குள்ள படம் தெரியும், பொட்டு தெரியாது."

23, புதன்

இரண்டு அங்குலம் மறையும்படி அட்டையில் சன்னல் வெட்டி மேலே வைத்தேன். கச்சிதம். நானே நம்பிவிடுவேன் போலிருக்கிறது. சொல்ல வேண்டியது: "மழைங்க. பட்டை தாங்கலைங்க. அதான் அட்டை." மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒன்பது பட்டையும் கல்லு மாதிரி பிடித்திருக்கிறது. அதைப் பார்த்தால்தான் எரிச்சல்.

24, வியாழன்

மழை விட்டிருந்தது. 4 மணிக்கு எஸ்தர், கூட அவள் அம்மா. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். படத்தை ஃபிரேமில் பார்க்க வேண்டுமென்று வந்தாராம்.

எஸ்தர் பார்த்ததும் கேட்டாள்: "ஓரம் எங்கீங்க?"

"மழைங்க. பட்டை தாங்கலைங்க."

அவள் குரல் இறங்கிவிட்டது. "இவ்ளோ பெரிய தாளை வெக்க எங்க லயத்து வீட்டுல மேஜை ஏதுங்க? தரையில போட்டுத்தான் வரைஞ்சேன். காத்துல பறக்குதுன்னு, அம்மா வேலை விட்டு வந்த கையோட மூலையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அந்த விரல் தெரியணும்னுதானுங்க மிதக்க விடச் சொன்னேன்."

நான் பொட்டை மறைக்க வைத்த அட்டை அந்த விரல் அழுக்கையும் சேர்த்து மறைத்திருக்கிறது. அதற்கு மேல் முடியவில்லை.

"பொய்யிங்க. பட்டை நல்லாத்தான் தாங்குது. நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

அட்டையை எடுத்தேன். பொட்டைக் காட்டினேன். ஆயுத பூஜை, மேஜை, மூலை, எல்லாம் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"போகாதுங்களா?"

"போகாதுங்க."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. திட்டியிருந்தால் தேவலை.

அந்தம்மா பொட்டைப் பார்க்கவே இல்லை. அவர் கண் வலது மூலை அழுக்கில். "இது என் கைதானடி? நல்ல படத்தை நானே அழுக்காக்கி வெச்சிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துக்கொண்டு துடைக்கக் குனிந்துவிட்டார்.

எஸ்தரும் நானும் ஒரே நேரத்தில் அந்தக் கையைப் பிடித்தோம்.

கை சொரசொரவென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறுப்பு.

"அட்டை வேண்டாமுங்க. அப்படியே கண்ணாடி போட்டுடுங்க" என்றாள் எஸ்தர், என் முகத்தைப் பார்க்காமல். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பொட்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கண்ணாடி காலை 7. பார்சல் 10. கை கழுவிவிட்டுத் தொட வேண்டும்.