ஆள்காட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்று சரணாலயத்துக்குள் இருபத்திரண்டு ஜீப்புகள். வாசல் சாவடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதி உள்ளே விடுவதுதான் என் வேலை. ஒன்பதாவது வருடம். பதினான்காவது வண்டி தம்பியுடையது. "அக்கா, சாப்பிட்டியா?" என்று தலையை நீட்டினான். தினமும் கேட்பான். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். சாப்பிட்டேன் என்பேன்.

மார்ச் 8, சனி

கூடு எண்ணுவதற்காக வனக்காவலரோடு புல்வெளிக்கு நடந்தேன். ஆள்காட்டிப் பறவை வெறும் தரையில் முட்டையிடும். கல்லா முட்டையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். இந்த மாதங்களில் ஜீப்புகள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒன்று இறங்கியிருக்கிறது. மூன்று கூடுகள் நசுங்கிக் கிடந்தன. பறவைகள் எங்கள் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றின.

காவலர் டயர் தடத்தைப் பார்த்துவிட்டு, "நேத்து மட்டும் இருபது வண்டி வந்துச்சு. எதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பக்கத் தடம் மட்டும் வேறு மாதிரி. போன ஞாயிறு தம்பி பின்பக்க டயர் ஒன்றை மாற்றினான். மற்றவற்றோடு சேராத டயர். அவன் கழற்றிய நட்டுகளை மடியில் வாங்கி வைத்திருந்தது நான்தான்.

வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவனிடமே கேட்டேன்.

"வந்த குழந்தைங்க கிட்டத்துல பாக்கணும்னு அழுதுச்சுங்க. ரெண்டே நிமிஷம்க்கா. எல்லாரும்தான் இறங்குறாங்க."

"மூணு கூடுடா."

"மறுபடி முட்டை போடும். விடு."

சிரித்தான். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேனோ?

மார்ச் 10, திங்கள்

வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வண்டி எண்ணோடு. போன வருடம் வேறொருவர் வண்டியை இதே கையால்தானே எழுதிக் கொடுத்தேன்? அவருக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள்.

மார்ச் 12, புதன்

தம்பி வண்டிக்கு ஆறு மாதத் தடை.

அப்பா கட்டிய வீட்டில் நடுவே சுவர் எழுப்பி, ஒரு பாதியில் அவனும் அவன் மனைவியும், மறு பாதியில் நான். அவள் என் வாசல் வரை வந்தாள். "ஊர்ல அத்தனை பேர் இருக்க, உங்களுக்கு உங்க தம்பிதான் கெடச்சாரா?" என்று கேட்டாள். தம்பி அவள் பின்னால் நின்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 21, வெள்ளி

ஓட்டுநர்கள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆள்காட்டி. ஆளைக் கண்டால் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை, பொருத்தம்தான். சாவடியைத் தாண்டும்போது அதைப்போலவே கத்துகிறார்கள். ஒருவன் அச்சு அசலாகக் கத்தினான், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 3, வியாழன்

இன்று யாரும் என்னிடம் பேசவில்லை. எண் கேட்டால் விரலால் தகட்டைக் காட்டுகிறார்கள்.

ஏப்ரல் 16, புதன்

மூன்று நாளாகக் காய்ச்சல். லீவு. தம்பி பகலெல்லாம் வீட்டில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது கேட்கிறது. நான் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக இருமினேன். நடை நின்றது. மறுபடி இருமினேன். கதவு சாத்தும் சத்தம்.

நாற்பத்தெட்டு வயதில் செய்கிற காரியமா இது — சீ.

மே 5, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கூட்டம். இனிமேல் கூடு கட்டும் மாதங்களில் புல்வெளிக்கு ஜீப்பே கிடையாது என்றார் வன அதிகாரி. வருகிறவர்களை ஆறு ஆறு பேராக, ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாக நடத்திக் கூட்டிப் போகலாம். எத்தனை பேரை விடுவது என்பதை ஊர்க் குழுவே தீர்மானிக்கும்.

"நடந்து பாக்க எவன் சார் வருவான்?" என்றார் ஒரு ஓட்டுநர். "எல்லாம் அந்தம்மா பண்ண வேலை."

பயிற்சி கொடுக்கப்போவது அந்தம்மாதான் என்று அதிகாரி சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தம்பி கூட்டத்துக்கே வரவில்லை.

மே 19, திங்கள்

முதல் பயிற்சி வகுப்புக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டேன். வந்தது ஒரே ஆள், தையல்காரி. "வேற யாரும் வரலியா? அப்ப எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தடம், எச்சம், எந்தச் சத்தம் எதற்கு — மூன்று மணி நேரம் சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு மாதமாகப் பேசாத தொண்டை.

ஜூன் 2, திங்கள்

போன வாரம் நானும் தையல்காரியும் முதல் குழுவைக் கூட்டிப் போனோம். இரண்டு மணி நேரம் போதவில்லை என்று மறுநாளும் வந்தார்கள். செய்தி பரவியிருக்க வேண்டும். இன்று வகுப்பில் ஏழு பேர்.

கடைசி நாற்காலியில் தம்பி.

தையல்காரியிடம் சொன்னான், எனக்குக் கேட்கும்படி: "வேலைக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

வகுப்பு நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

ஜூன் 9, திங்கள்

சந்தேகம் இருந்தால் தம்பி தையல்காரியிடம் கேட்கிறான். அவள் என்னைக் கேட்கிறாள். நான் அவளிடம் சொல்கிறேன். "நான் என்ன தபால்காரியா?" என்று அவள் இன்று சலித்துக்கொண்டாள்.

ஜூன் 14, சனி

ஏழு பேரையும் புல்வெளிக்குக் கூட்டிப் போனேன். முன்னால் நான். தரையில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே நடந்தேன். பேச ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"அக்கா, நில்லு!"

ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். வைக்கப்போன இடத்தில் நான்கு முட்டைகள். கற்களோடு கற்களாக. நான் பார்க்கவே இல்லை. ஒன்பது வருடமாகப் பார்க்கிறவள்.

அவன் வந்து என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். உடனே விட்டுவிட்டான். எல்லோரும் சுற்றிப் போனோம்.

திரும்பும்போது வீட்டுக்கு ஒரே வழிதானே. அவன் முன்னால், நான் இருபதடி பின்னால். வாசலுக்கு வந்ததும் நின்றான். திரும்பாமலே கேட்டான்:

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

நடை தினமும் காலை ஆறு மணிக்குத்தான். அவனுக்கும் தெரியும்.

"ஆறு" என்றேன்.