கேமராவுக்குப் பின்னால் நின்ற ஊர்

9 செப்., செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, கேமராவின் இரண்டு கண்களையும் என் வீட்டுக்காரருடைய மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தது. பிறகுதான் காபி. தூறல். கச்சிராயபாளையம் தாண்டியதும் விட்டது.

மலைப் பள்ளிக்கான பாடப் படம். சுற்றிலும் எல்லாப் பக்கமும் பதியும் கேமரா. வி.ஆர். கண்ணாடி மாட்டிப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும். கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் இத்தனை வருடம் இவர் எடுத்த கல்யாணங்களை வெட்டி ஒட்டியவள் நான். கதை எழுதி, கூட நின்று எடுப்பது இதுதான் முதல். எச்.எம். மேடம் என்னை நம்பிக் கொடுத்தார். நல்ல மனசு.

கதை சின்னது. ஏழாம் வகுப்பு மலர் காணாமல் போன ஆட்டைத் தேடுகிறாள். ஆட்டின் கழுத்து மணிச் சத்தம் கேட்கும் பக்கம் திரும்பினால் கதை அங்கே. சாமை வயல், ஓடை, கோமுகி அணை. இடத்துக்கு ஒரு கேள்வி. மழையில் கரையும் மண் எங்கே போய்ச் சேர்கிறது என்பது பாடம். வசனம் எல்லாம் பிள்ளைகளே எழுதியது.

ஓடையும் அணையும் போன வாரமே முடிந்தன. இன்று வயல். ஆள் வருவதற்கு முன் வெளிச்சம் பார்க்க வெற்று வயலை ஒரு முறை பதிந்தேன். பிறகு ஊரே திரண்டு வந்துவிட்டது, குழந்தை குட்டிகளோடு. "யாரும் கேமராவுக்கு முன்னால வராதீங்க" என்றேன். ஒருவர்கூட வரவில்லை. எவ்வளவு ஒழுங்கான ஜனங்கள். டவுன் கல்யாணத்தில் இப்படி ஒரு நாள் பார்த்திருப்பேனா?

மலரின் அம்மா கொடுத்த பூசணிக்காய், பஸ்ஸில் மடியிலேயே வந்தது. நாளைக்குக் கூட்டு.

10 செப்., புதன்

வெயில். கரண்ட் இரண்டு முறை போனது.

நேற்று எடுத்ததைப் பார்க்க வி.ஆர். கண்ணாடி மாட்டினேன். எதிரே மலர், அழகாகப் பேசுகிறாள். மணி சரியாகக் கேட்கிறது. மெதுவாகத் திரும்பினேன். ஊர். மொத்த ஊரும். இடுப்பில் குழந்தை, தோளில் துண்டு, கையில் அரிவாள், வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் நான், வாயைப் பிளந்துகொண்டு.

எல்லாப் பக்கமும் பார்க்கிற கேமராவுக்கு முன் ஏது, பின் ஏது? படத்தில் விழக் கூடாதென்று இவரைப் பாறை மறைவில் உட்காரவைத்தது நான்தான். ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் கல்யாண மண்டபப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. அவர்களைப் பின்னால் போகச் சொல்லி நானும் கூடவே போய் நின்றிருக்கிறேன். அங்கே போனில் பார்த்தபோது மலர் இருந்த பக்கத்தை மட்டும்தான் பார்த்தோம்.

இவர் கண்ணாடியை வாங்கி மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். "இன்னாம்மா இது, நம்ம கண்ணாலத்துக்குக்கூட இவ்ளோ ஜனம் வரல." சிரித்துவிட்டேன். அவர் திட்டாததற்கு நன்றி.

மறுபடி எடுக்க வழியில்லை. நேற்று நாங்கள் இறங்கிய கையோடு அந்த வயலில் அறுப்பு தொடங்கிவிட்டது. தப்ப ஒரே வழி, காலையில் பதிந்த வெற்று வயலைக் கூட்டத்தின் மேல் வைத்து மறைப்பது. ஒவ்வொரு தலையாக.

கூட்டு நன்றாக வந்தது. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

12 செப்., வெள்ளி

மலையில் பனி மாதிரி மேகம். மறைக்கிற வேலை முடியவில்லை. ஊர் நிற்கும் படத்தையே கொண்டுபோனேன், பிள்ளைகளுக்குக் கதை புரிகிறதா என்று பார்க்கத்தான்.

மாவட்ட அலுவலகம் சோதனைக்குத் தந்த கண்ணாடி இரண்டே. மாட்டிய ஒவ்வொருவரும் பின்னால் திரும்பினார்கள், திரும்பியவர்கள் திரும்பியவர்கள்தான். "எங்க பெரியம்மா!" "டேய், ஒங்கப்பா மூக்கு நோண்டிக்கினு கீறாரு." வகுப்பே உருண்டு சிரித்தது. முடிவில் வயல் கேள்வி: கல் வரப்பைச் சரிவுக்குக் குறுக்கே போடுவது ஏன்? ஒருவருக்கும் தெரியவில்லை.

எச்.எம். சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் பதில் சொன்னால் கண்ணாடிகள் இந்தப் பள்ளிக்கே. இல்லையென்றால் கீழே வேறு பள்ளிக்குப் போய்விடும். பாடத்தில் இல்லாத ஆட்கள் இருக்கக் கூடாது என்று அவர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்களாம். மறைத்துவிடுங்கள் என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

13 செப்., சனி

சிறப்பு வகுப்பு. மறைத்த படம். வயல், ஆடு, மலர். வேறு யாருமில்லை. பாதிப் பேருக்கு மேல் சரியான பதில். எச்.எம். முகத்தில் உயிர் வந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் நிம்மதி.

அவர் சத்துணவு முட்டை எண்ணப் போனதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், ஊர் இருக்கிற படத்தை இன்னொரு வாட்டி போடச் சொல்லி. போட்டேன். மறுபடி திரும்பினார்கள். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு கம்மி. கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தானாகவே கதைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கல் வரப்பைப் பற்றிக் கேட்டேன். தண்ணீரை நிறுத்தும், மண் தங்கும், இல்லாவிட்டால் அணையில் போய்ப் படியும் என்று ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிச் சொன்னார்கள். மறைத்த படத்துக்கு வாயே திறக்காதவர்கள்கூட.

ஏன் கதைப் பக்கம் திரும்பினாய் என்று மலரைக் கேட்டேன்.

"எங்கம்மா என்னயே பாத்துக்கினு கீறாங்க மிஸ். எல்லாருமே பாக்கறாங்க. அப்படி இன்னாதான் பண்றேன்னு நானும் பாத்தேன்."

பிறகு மறைத்த படத்தைப் பற்றி: "அதுல நான் மட்டும் தனியா கீறேன். ஆடு கெடைக்காதோன்னு பயமா இருந்துச்சி."

பஸ்ஸில் அதுவே ஓடியது. நான் மணியை நம்பினேன். மணியைவிட ஊரின் கண் நன்றாகவே திசை காட்டுகிறது. வேடிக்கை பார்க்க வந்து, என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்ற ஜனங்கள். அவர்களைத்தான் மூன்று நாளாக அழித்துக்கொண்டிருந்தேன்.

14 செப்., ஞாயிறு

துவைத்தது காயவில்லை. இவர் மூங்கில்துறைப்பட்டில் வளைகாப்பு எடுக்கப் போயிருக்கிறார்.

எச்.எம். போன். நேற்று இரண்டாவது தடவை நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "வர்றவங்க ஒரு தடவதான் பாப்பாங்க. ரெண்டாவது வாட்டி போட்டுக் காட்ட டைம் ஏது? மறைச்சதையே எடுத்துட்டு வாங்க, ரிஸ்க் வேணாம்." அவர் சொல்வதில் தவறில்லை. பார்க்கிறேன் மேடம் என்றேன்.

ஊர் நிற்கும் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். எல்லாரும் மலரைப் பார்க்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் கேமராவைப் பார்க்கிறேன், அதாவது கண்ணாடி மாட்டியிருக்கும் பிள்ளையை. தலை கலைந்து, புடவை முழங்கால் வரை சேறு. என்னை மட்டுமாவது அழிக்கலாம் என்று தொடங்கி, பாதியில் விட்டேன். எத்தனை கல்யாண வீடியோ வெட்டியிருப்பேன், ஒன்றிலும் நான் இல்லை.

பிள்ளைகள் ஊரை ஏற்கெனவே பார்த்துச் சிரித்தாயிற்று. நாளை அவர்களுக்கு இது மூன்றாவது தடவை. அலுவலகத்துக்காரர்கள் கேட்டால் நான் முன்னால் நின்று பதில் சொல்கிறேன், மேடத்தின் மேல் பழி வராது.

இரண்டு கண்ணாடியிலும் ஊர் நிற்கும் படத்தையே ஏற்றிவிட்டேன். மறைத்ததை ஏற்றவில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை. காலை ஆறே காலுக்கு பஸ்.