ஸ்டாப்புக்கு ஒரு மிஸ்டுகால்

ஜனவரி 19, திங்கள்

கல்லூரி ஹேக்கத்தான் போட்டியின் விதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தும் தலைகால் புரியவில்லை. ஒரு குழு ஒரே பிரிவில்தான் சேரலாமாம். சீவலப்பேரி பஸ் எந்த ஸ்டாப்பைத் தாண்டியது என்று, பஸ்ஸில் இருப்பவர்கள் கொடுக்கும் மிஸ்டுகாலை வைத்துச் சொல்வது எங்கள் திட்டம். ஸ்டாப்புக்கு ஒரு நம்பர். எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தானே.

இது போக்குவரத்தா, பெண்கள் பாதுகாப்பா? எங்கள் குழுவில் நிலோஃபர் போக்குவரத்து என்கிறாள். இருட்டில் பெண்கள் ஸ்டாப்பில் காத்து நிற்க வேண்டாமே, பெண்கள் பாதுகாப்புதான் என்கிறான் பேச்சிராஜ். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது.

ஜனவரி 21, புதன்

இன்னொரு விதி: 30ஆம் தேதி வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை எல்லாரும் கல்லூரிக்குள்ளேயே தங்க வேண்டும். ஒருத்தர் வெளியே போனாலும் குழுவே அவுட்.

நிலோஃபரை வீட்டில் விடுவார்களா? மேலப்பாளையத்தில் கண்டிப்பான வீடாயிருக்கும், வாப்பா வேறு சவுதியில். கேட்டால் சங்கடப்படுவாள். கேட்காமலே அவள் பெயரை எடுத்துவிட்டு எங்கள் வகுப்பு தேவேந்திரனைச் சேர்த்துவிட்டேன். நல்லதுதானே செய்திருக்கிறேன்?

ஜனவரி 22, வியாழன்

இல்லை.

"உம்மா அன்னைக்கே சரின்னுட்டாங்க. தலகாணிகூட எடுத்து வச்சாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்டுவிட்டு நிலோஃபர் போய்விட்டாள்.

ஜனவரி 27, செவ்வாய்

என் வீட்டில் நான் கேட்கவே இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

"பகல்ல என்ன வேணாலும் செய்யி. ராத்திரி அங்கன தங்காண்டாம்" — அப்பா. அழுது பார்த்தேன், அசையவில்லை. அவள் வீட்டை நினைத்துப் பயந்தேனே, எங்க அப்பாவை எப்படி மறந்தேன்? கூறுகெட்ட கழுதை நான்.

ஜனவரி 28, புதன்

பெயர் மாற்ற இன்றுதான் கடைசி நாள். என் பெயரை எடுத்துவிட்டு நிலோஃபரைச் சேர்த்தேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான். "சரி" என்றாள். அவ்வளவுதான். கோபம் போய்விட்டதா, தெரியவில்லை. பிரிவும் இன்னும் முடிவாகவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

வண்ணார்பேட்டையில் சீவலப்பேரி பஸ் ஏறி உட்கார்ந்ததும் போன். நிலோஃபர்.

"சோதிச்சுப் பாக்க பஸ்ல ஆள் வேணும். எங்களால வெளிய வர முடியாதுல்லா. நீ எங்கன இருக்க?"

"பஸ்லதான்."

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மிஸ்டுகால் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஊரில் இறங்கிக் கடைசியாக ஒன்று கொடுத்தேன். உடனே அவளே கூப்பிட்டாள். எல்லாம் சரியாக விழுந்ததாம். வைக்கப் போனேன்.

"இரு. வீடு போய்ச் சேந்ததும் இன்னொண்ணு குடு."

"அதுக்கு நம்பரே போடலையே?"

"எனக்குக் குடு."

போக்குவரத்துதான் என்று ஒற்றைக்காலில் நின்றவள் இவள்.