கோடு விழுந்த பக்கம்

அண்ணாச்சி,

நீங்கள் போய்ச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. இன்று மத்தியானம் மதினி உங்கள் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். "அவுக இத ஒங்க கையில குடுக்கச் சொல்லியிருந்தாக" என்றார்கள். தகரச் சட்டத்தில் அச்சு மையின் வாடை இன்னும் இருக்கிறது. எனக்கு அதை வாங்கவே கை வரவில்லை.

அச்சாபீஸில் நீங்கள் அச்சுக்கல்லில் எழுதுகிறவர், நான் புரூப் தாளில் பிழை பார்க்கிறவன். கல்லில் எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றி எழுதினால்தான் தாளில் நேராக விழும். தீப்பெட்டி லேபிள் எழுதி முடித்ததும் இந்தக் கண்ணாடியைப் பிடித்துச் சரிபார்ப்பீர்கள். "எனக்கு ஒலகம் இதுக்குள்ளதான் தம்பி நேரா இருக்கு" என்பீர்கள்.

அந்த வருஷம் நம் தெருவை அகலப்படுத்தி ரயிலடி வரை நீட்ட முடிவானது. தீப்பெட்டி லோடு வண்டிகள் அதுவரை பஜாரைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தன. சாலை வரைபடத்தோடு நோட்டீஸ் அடிக்கும் ஆர்டர் நமக்கு வந்தது. 'கோடு போட்ட பக்கத்து வீடுகள் எடுக்கப்படும்' என்று வாசகம். காலண்டர் சீசன் வேறு. மூன்று நாளாக உங்களுக்குச் சரியான தூக்கமில்லை. எழுத்தையெல்லாம் வழக்கம்போல் மாற்றி எழுதியவர், படத்தை மட்டும் மாற்றாமல் பார்த்தபடியே வரைந்துவிட்டீர்கள்; கண்ணாடி பிடித்துப் பார்க்கவும் இல்லை. கிழக்கு வரிசையில் விழவேண்டிய கோடு மேற்கு வரிசையில் விழுந்தது. நான் எழுத்தை மட்டும் படித்துவிட்டு, புரூப்பில் கையெழுத்துப் போட்டு உங்களிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மேற்கு வரிசையில் செல்லத்தாய் இருந்தாள். தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை வளர்க்கிற, புருஷன் இல்லாத மனுஷி. இடிக்க ஆள் வருமுன் ஓடுகளையும் உத்திரத்தையுமாவது காப்பாற்றலாமென்று தன் வீட்டைத் தானே பிரித்துவிட்டாள். மூன்றாம் நாள் அளக்க வந்தவர்கள் கிழக்கு வரிசையில் கல் நட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"புரூப் பாத்தது யாருலே?" என்று முதலாளி கேட்டார்.

"எங்கிட்ட வரவே இல்ல மொதலாளி" என்றேன்.

நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். "நாந்தான் அவசரத்துல காட்டாம மெஷின்ல ஏத்திட்டேன்" என்றீர்கள். அன்றே உங்கள் வேலை போனது. எனக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. உங்களுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

அடுத்த வாரம் நீங்கள் செல்லத்தாய் வீட்டுச் சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தீர்கள். "வா தம்பி, ஒரு கை குடு" என்று கூப்பிட்டீர்கள். அவசர வேலை என்று சொல்லி நடந்துவிட்டேன். அதன்பின் எங்கே பார்த்தாலும், "சாப்பிட்டீகளா அண்ணாச்சி" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்லிவிடலாமென்று உங்கள் வீடு வரை வந்து திரும்பிய நாட்கள் உண்டு. அலுத்துப்போய்விட்டது அண்ணாச்சி. இப்போது லாரிகள் அந்தச் சாலையில் நேராக ரயிலடிக்குப் போகின்றன. செல்லத்தாய் வீட்டைத் தாண்ட முடியாமல் நான்தான் இன்னும் பஜாரைச் சுற்றி வேலைக்குப் போகிறேன்.

மதினி போனபின் கண்ணாடியைத் துடைத்தேன். பின்தகரம் கழன்று, நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. அந்தப் புரூப். கீழே என் கையெழுத்து. அன்றைக்கே இதை நீங்கள் முதலாளியிடம் நீட்டியிருக்கலாம்.

தாளைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். கோடு கிழக்கே, சரியான பக்கத்தில் விழுந்தது. என் கையெழுத்துதான் திரும்பி நின்றது. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.