பொன்னுரங்கத்தின் இடுப்பில் இருக்கும் துறைமுக வில்லை

அனுப்புநர்:
சு. ஞானபாக்கியம்,
க/பெ சுப்புராஜ்,
கல்மண்டபம் அருகில்,
ராயபுரம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு கலெக்டர் அவர்கள்,
சென்னை.

பொருள்: லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடும் பொன்னுரங்கம் என்பவர் என் கணவரின் துறைமுக வில்லையைப் பிடித்து வைத்திருப்பது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். நம்பர் அடித்த பித்தளை வில்லையைக் காட்டினால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரை பிய்த்துக்கொண்டு போனபோது, எங்கள் தெருப் பொன்னுரங்கத்திடம் நூறு ரூபாய் கடன் கேட்டோம். அவர் ஈடாகக் கேட்டது என் காதுத் தோட்டை. பெண்டாட்டி காதை மூளியாக்க மாட்டேன் என்று என் கணவர்தான் வீம்பாகத் தம் வில்லையைக் கழற்றிக் கொடுத்தார். ராத்திரியில் அது சும்மாதானே கிடக்கிறது, சாயங்காலம் கொடுத்துக் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அன்றைக்கு எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

2. அன்று முதல் கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் பொன்னுரங்கம் தினம் உட்கார்ந்திருக்கிறார். காலையில் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வில்லையை எடுத்துக் கொடுப்பார். வேலை முடிந்து வரும்போது கையை நீட்டுவார். இன்னும் சிலருடைய வில்லைகளும் அந்தப் பையில் இருக்கின்றன. சனிக்கிழமைக் கூலியில் அவருக்குப் போக மிச்சம்தான் எங்கள் வீட்டுக்கு. வாங்கியதற்கு மேலேயே கட்டிவிட்டோம். அசல் அப்படியே நிற்கிறது என்கிறார். ரசீது கொடுப்பதில்லை.

3. பேட்டைப் போலீஸ் நிலையத்தில் சொன்னேன். உன் புருஷனே கொடுத்தது திருட்டாகாது என்று அனுப்பிவிட்டார்கள். துறைமுக ஆபீசில் சொல்லவும் வழியில்லை. வில்லையை அந்நியர் கையில் கொடுத்தவரை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆகையால் தாங்களும் அங்கே கடிதம் எழுத வேண்டாமென்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

4. பிறகு ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போனேன். லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவனுக்குக் கோர்ட்டில் தீர்ப்புக் கிடைக்காது, சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருக்கிறது, அவன் வழக்குப் போடட்டும், நீங்கள் ஜெயிப்பீர்கள் என்றார். ஐயா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே டீக்கடைக்குப் போய், தைரியமிருந்தால் எங்கள் மேல் வழக்குப் போடுங்கள் என்று நாலு பேர் எதிரில் பொன்னுரங்கத்திடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. இடுப்பைத் தட்டிக் காட்டி, "கோர்ட்டுக்கு நான் இன்னாத்துக்கும்மா போவணும்? என் கோர்ட்டு இங்கதான் கீது" என்றார்.

5. மறுநாள் காலை வில்லையைக் கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை. என் கணவர் தினமும் அந்தப் பெஞ்சு வரை நடந்து போய், கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் ஆறியிருப்பேன். இந்த மாதம் முடிவதற்குள் வேலைக்குப் போகாவிட்டால் பதிவிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். என் வாய்த்துடுக்கால் அவர் வேலை போகப் போகிறது.

6. சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாங்களே வழக்குப் போட்டால் வில்லை விஷயம் துறைமுகத்துக்குத் தெரிந்துவிடும். அந்தச் சட்டத்தின் முன்னால் போய் நிற்க எங்களுக்கு வாசல் இல்லை. வழக்குப் போட்டு அதைத் திறக்க வேண்டியவர் பொன்னுரங்கம். அவர் திறக்கமாட்டார்.

ஆகவே, கடனைத் தள்ளுபடி செய்யும்படி நான் கேட்கவில்லை. பொன்னுரங்கத்தை அழைத்து, வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்கி உண்டென்றால் எங்கள் மேல் கோர்ட்டில் வழக்குப் போடும்படி உத்தரவிட வேண்டும். சம்மன் வரும் நாளில் குற்றவாளிக் கூண்டானாலும் சரி, நாங்கள் இருவரும் முதல் ஆளாக வந்து நிற்போம். எங்கள் மேல் வழக்கு வர ஐயா அவர்கள் தயவு செய்ய வேண்டும்.

இடம்: ராயபுரம்
நாள்: 14-8-1959

இப்படிக்கு,
சு. ஞானபாக்கியம்