ஆயுத பூஜையில் வைத்த கிளிப்

அன்புள்ள பரிமளாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே பெங்களூரு பீன்யாவில், எங்கள் பேக்டரியில் ஒரு சின்ன வேடிக்கை. சலைன் குழாயில் ரத்தம் திரும்பி ஏறாமலிருக்க நான் ஒரு கிளிப் செய்தேனே, அதற்கு மேனேஜர் தன் பெயரில் காப்புரிமை வாங்கப் போனார். வெளியாள் யாராவது முன்பே பார்த்திருந்தால் கிடைக்காது என்றாராம் வக்கீல். ஓட்டைவாயன் நான், ஆயுத பூஜையன்று அதற்குப் பொட்டு வைத்து, வந்த சனத்துக்கெல்லாம் விளக்கியிருந்தேன்.

“யாரும் பார்க்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, வேதாசலம்.”

“முந்நூறு பேர் பார்த்தாங்க சார். படம்கூடப் பிடிச்சாங்க.”

போடவில்லை. இனி அதை எவரும் சொந்தம் கொண்டாட முடியாது, நான் உட்பட. எந்த ஆஸ்பத்திரிக்கும் யாரும் செய்து கொடுக்கலாம்.

குளிருகிறது, உன் பழைய புடவையில் தைத்த போர்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. அவர்களாகத் துரத்தும்வரை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருப்பேன்.

உன்,
வேதாசலம்