மோட்டார் நின்ற பிறகு

மார்ச் 3
நிலக்கரி தோண்டி முடிந்துவிட்டது. இனி இந்தக் குழி ஏரியாகப் போகிறதாம். மேலே சரிவில் அண்ணி மரக்கன்று நடுகிறாள். கீழே நான் இன்னும் மோட்டார் ஓட்டி ஊற்றுத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருக்கிறேன். லாரிகள் போனபின் வெயில்கூட இங்கே மெதுவாகத்தான் இறங்குகிறது. பாதி நேரம் நான் விழித்திருக்கிறேனா என்றே தெரிவதில்லை.

மார்ச் 5
நரி. குழியின் அடித்தட்டில், மண்ணுக்குள் வளை. நான்கு குட்டிகள், இன்னும் நேராக நடக்கவே வரவில்லை. மோட்டார் அது பாட்டுக்கு இரைய, அவை பாட்டுக்குப் புழுதியில் உருண்டன.

மார்ச் 8
சூப்பர்வைசர் வந்தார். "இந்த வாரத்தோட மோட்டாரை நிறுத்திடும்மா. தண்ணி தானா ஏறட்டும்." நரியைப் பற்றிச் சொன்னேன். "அதுங்க ஏறிப் போயிடும்," என்றார். எப்படி ஏறும்? தவழுகிற பிள்ளைகள். குழாயெல்லாம் கழற்றக் காய்ந்த தரை வேண்டும் என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். மாதக் கடைசி வரை விட்டார்.

மார்ச் 14
வேலை நடக்கிற மாதிரி ஒரு நட்டைக் கழற்றுகிறேன், இன்னொன்றை இறுக்குகிறேன். அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "உங்க அண்ணன் பசின்னு கத்தினாக்கூட நீ எழுந்திருக்க மாட்டே. நரிக்குன்னா மோட்டாரே ஓடுது."

மார்ச் 22
குட்டிகள் ஓடித் திரிகின்றன. தாய் மட்டும் நகர்கிற வழியைக் காணோம். ஏன் நகர வேண்டும்? தரை காய்ந்திருக்கிறது. காயவைப்பது யார்? நான்தான். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நானே அவளைக் கட்டிப்போட்டிருக்கிறேன். மேகம் வேறு கூடுகிறது. இப்போது நிறுத்தினால் தண்ணீர் மெதுவாக ஏறும். மழையோடு சேர்ந்தால் ஒரே மூச்சில் மூடிவிடும்.

மார்ச் 23
நிறுத்திவிட்டேன்.

மார்ச் 25
தண்ணீர் வந்தது தெரியவே இல்லை. குழியின் தரையில் வானம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது, அவ்வளவுதான். மேகம் காலடியில் நகர்ந்தது. பார்க்க அழகாக இருந்தது. தாய் வந்து முகர்ந்தாள். நனைந்த பாதத்தை உதறிவிட்டு வளைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 26
மாலையில் ஆரம்பித்தாள். பிடரியைக் கவ்வி, லாரிப் பாதை வழியே ஒன்று. பிறகு ஒன்று. இன்னும் ஒன்று. நான்காவது வளை வாசலில் நிற்கிறது, தண்ணீர் அதன் காலடியில். தாயைக் காணோம். என் கை சுவிட்சில். போட்டால் தண்ணீர் வடியும். வடிந்தால் மற்ற மூன்றையும் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். போடாவிட்டால் — ஐயோ, போடாவிட்டால்? வாடி, வந்து தொலையேன்டி என்று வாய்விட்டுத் திட்டினேன். கண்ணெதிரே பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. வளை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.
சுவிட்சைப் போடவில்லை.

மார்ச் 27
வளை தண்ணீருக்குள். யாரும் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 2
மழை. காது இன்னும் மோட்டாரைத் தேடுகிறது. கனவில் நான் ஏரியின் அடியில் நட்டு கழற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஏதோ நீந்திப் போனது. அண்ணாந்து பார்க்கப் பயந்தேன்.

ஏப்ரல் 19
அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "உன் சிநேகிதி என் கன்னுங்களுக்கு நடுவுல வளை தோண்டியிருக்கா. ஒரு வரிசையே சாஞ்சு கிடக்கு."
எத்தனை குட்டி என்று கேட்கப் பயந்து, கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தேன்.
"வேரைக் கடிக்கிற எலியைப் பிடிக்கிறாளேன்னு நானும் பொறுத்துப் போறேன். அதுக்காக நாலு பிள்ளைங்களும் சேர்ந்து என் ரப்பர் குழாயைக் கடிச்சு வைக்கணுமா? நீயே வந்து மாத்திக் குடு."
"நாலுமா அண்ணி?"
"நாலும்தான். ஒண்ணு விட்டதை ஒண்ணு கடிக்குது."
போய்ப் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தேன். பல் முளைக்கிற வயது, கடிக்கத்தான் செய்யும். பழைய துண்டை அவற்றுக்காக அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.